மிக்கியின் தலையில் மூன்று வட்டங்கள்



பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் வரைய எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரிய வட்டம் ஒன்று, மேலே சின்ன வட்டம் இரண்டு, மிக்கி எலி வந்துவிடும். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் இந்த வட்டம் குழந்தைகளை நினைத்து வந்ததல்ல. வேலைப்பளுவில் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 12 படம் என்றாலும் ஆறு நிமிடக் கார்ட்டூனுக்கு 4,320 படங்களைக் கையால் வரைய வேண்டும். 1919இல் வந்த ஃபெலிக்ஸ் பூனைக்கு முதலில் கூரான முகம். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கோணங்கள் பிசகாமல் வரவேண்டும். பிறகு பில் நோலன் என்ற ஓவியர் அதை உருண்டையாக்கினார். உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம்தானே!

1928 தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி தம் ஆஸ்வால்டு முயலை இழந்தார். உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். கூடவே நின்றவர் அப் ஐவெர்க்ஸ். மிக்கியின் முதல் படத்தை ஏறக்குறைய அவர் ஒருவரே, மற்றவர்களுக்குத் தெரியாமல் வரைந்தார். அந்த நெருக்கடியில் வட்டம்தான் கைகொடுத்தது. முயலின் நீண்ட காது போய் உருண்டைக் காது வந்தது. மிக்கி தலையைத் திருப்பினாலும் காது மட்டும் திரும்பாது, கவனித்திருக்கிறீர்களா? தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒடுங்கித் தெரியும், அந்தக் காதோ எப்போதும் முழு வட்டம். பொய்தான், ஆனால் அழகான பொய்! அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் ‘ஸ்டீம்போட் வில்லி’ வெளியானது. பிறகு நடந்தது உலகறிந்த கதை.

1940களில் பிரஸ்டன் பிளேர் என்ற கார்ட்டூன் ஓவியர் இந்த முறையைப் புத்தகமாகவே எழுதினார். வட்டத்தைப் பந்தாக நினைத்து, பூசணிக்காயின் வரியைப் போல நடுவே ஒரு வளைகோடு, குறுக்கே இன்னொன்று. குறுக்குக்கோட்டில் கண்கள். முன்னால் சின்னப் பந்து வைத்தால் மூக்கும் வாயும். பந்து திரும்பினால் கோடுகளும் கூடவே திரும்பும். குறுக்குக்கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் குட்டி நாய், மேலே ஏற்றினால் பெரிய நாய். மிக்கிக்கும் இதுவே நடந்தது. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் 1979இல் அளந்து பார்த்து எழுதினார்: ஐம்பது ஆண்டுகளில் மிக்கியின் கண்ணும் தலையும் பெரிதாகி, எலி குழந்தை முகமாகிவிட்டதாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்று இரவே கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட வையுங்கள். பென்சிலை அழுத்தாமல் போடச் சொல்லுங்கள், வளைகோடுகளைப் பிறகு அழிக்க வேண்டும். படத்தைக் கீழே பதிவிடுங்கள், பார்க்கிறேன்.