சின்னம் இல்லாத கொடிகள்: மன்னார்க் கரையின் துணித் தோரணங்கள்

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சில வாக்கியங்கள் கைப்பழக்கமாகவே வந்துவிடும். "வீதிகள் யாவும் கொடிகளாலும் தோரணங்களாலும் அலங்கரிக்கப்பட்டிருந்தன" என்பது அவற்றுள் ஒன்று. கோயில் திருவிழா, பாடசாலை ஆண்டு விழா, அமைச்சரின் வருகை என்று எதைப் பற்றி எழுதினாலும் இந்த வரியை எழுதியிருக்கிறேன். அலங்கரித்தவர் யார் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மன்னார்த் தீவின் பேசாலைக்குச் சென்றிருந்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு எழுந்தது. நான் தங்கியிருந்த வீட்டில் ஓர் ஆச்சி தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். வெள்ளை, நீலம், மஞ்சள் என முக்கோணமாக வெட்டி, ஓரம் மடித்து, நாடாவில் வரிசையாகத் தைத்த துணிக்கொடிகள் சுருள் சுருளாக இருந்தன. "இது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைத் துணி, தம்பி. இது கிழிந்த பாவாடை. இது தையற்கடையில் வாங்கிய வெட்டுத்துண்டு" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அவருக்கு அது ஒரு குடும்பத்தின் வரலாறு. ஆனால் அதற்குள் இந்தக் கரையின் வரலாறும் இருக்கிறது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

தமிழருக்குக் கொடி புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை அந்நகரில் பறந்த பலவகைக் கொடிகளை வரிசைப்படுத்துகிறது. வழிபாட்டுக்கு ஏற்றிய கொடி, வாதம் செய்ய வல்லோர் உயர்த்திய கொடி, துறையில் நின்ற கப்பல்களின் பாய்மரக் கொடி, கள் விற்கும் இடத்தைக் காட்டிய கொடி என ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொன்னது. ஈழத்திலிருந்து வந்து இறங்கிய உணவுப் பொருளையும் அதே பாட்டு குறிப்பிடுகிறது. அக்காலத்தில் ஈழத்தின் பெருந்துறைமுகமாக இருந்தது மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப் பரப்பில் உள்ள மாந்தை. திருக்கேதீச்சரம் நிற்பதும் அங்கேயே. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழாய்வு, மேற்காசியாவையும் சீனத்தையும் இணைத்த கடல் வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. கொடி கட்டிய கப்பல்களை இந்தக் கரை நெடுங்காலமாக அறிந்திருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கொடியேற்றம் வேறு, கொடித் தோரணம் வேறு. கம்பத்தில் ஏறும் கொடி தெய்வத்துக்கு உரியது. அதற்கு உரிமையும் முறையும் உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குக் கொடிச்சீலை வழங்கும் உரிமை செங்குந்தர் மரபினரிடம் இருப்பதைப் பலரும் அறிவர். கத்தோலிக்கரும் இந்தக் கொடியேற்ற மரபைத் தமதாக்கிக் கொண்டனர். மடு அன்னையின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 6ஆம் திகதி கொடியேற்றத்துடன் தொடங்கி 15ஆம் திகதி நிறைவடைகிறது. ஆடித் திருவிழாவுக்கு ஜூன் 23இல் கொடி ஏறி, ஜூலை 2இல் பெருவிழா நடைபெறுகிறது. ஆனால் வீதியின் குறுக்கே வேப்பமரத்துக்கும் பனைமரத்துக்கும் இடையில் ஆடுகின்ற முக்கோணத் துணிகளுக்கு உரிமை கோருவார் எவருமில்லை. அவற்றில் சிலுவையுமில்லை, வேலுமில்லை, சிங்கமுமில்லை. அவை சொல்வதெல்லாம், "இன்று எங்கள் ஊரில் மகிழ்ச்சி" என்ற ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல்லை வெளிப்படையாகச் சொல்ல இந்தக் கரையின் மக்களுக்கு எல்லாக் காலத்திலும் வாய்ப்பு இருந்ததில்லை. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியோர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை அமைத்தனர். திருக்கேதீச்சரம் அவர்கள் காலத்தில் இடிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியதும் ஒடுக்கப்படும் முறை கத்தோலிக்கருக்கு வந்தது. மாந்தையில் இருந்த மாதாவின் திருச்சொரூபத்தை 1670இல் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் எடுத்துச் சென்ற வரலாறே மருதமடுவின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1687இல் யோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்ததும் இந்தத் தடைகளின் நடுவில்தான். மறைந்து வழிபடுபவர் வாசலில் தோரணம் கட்ட முடியுமா?

ஆங்கிலேயர் காலத்தில், 1806இல், கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. 1872இல் பொன்ஜீன் ஆயர் மடுவில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டுமாறு ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு அழைப்பு விடுத்தார். 1924 ஜூலை 2இல் மடு அன்னைக்கு முடிசூட்டப்பட்டது. ஒரு சமூகம் தன் மகிழ்ச்சியை வீதியில் தொங்கவிடுவது எளிய செயலாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு கால அச்சம் நீங்கியிருந்தது.

இதே காலப்பகுதியில்தான் வீட்டுத் தையலும் பரவியது. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பெண்கல்வியைத் தொடங்கினர். அக்காலப் பெண்கல்வியில் ஊசி வேலைக்கும் இடமிருந்தது. 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் தன் விற்பனையைத் தொடங்கியது. தவணை முறையில் பணம் செலுத்தி இயந்திரம் வாங்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பிய நிறுவனம் அது. காலப்போக்கில், சீதனப் பொருட்களுள் ஒன்றாகத் தையல் இயந்திரம் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது.

தோரணத் தையலில் ஒரு கணக்கு உண்டு. பேசாலை ஆச்சி அதை விரல் நுனியில் வைத்திருந்தார். நாற்பத்தைந்து அங்குல அகலத் துணியில் பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒன்பது அங்குல அடியுள்ள முக்கோணங்களை ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக வரைந்தால், நேராக ஐந்தும் தலைகீழாக நான்குமாக ஒன்பது கிடைக்கும். இரு ஓரங்களிலும் மிஞ்சும் அரை முக்கோணங்களைத் தவிர வேறு கழிவில்லை. ஒரு யார் துணியில் மூன்று பட்டிகள், இருபத்தேழு முக்கோணங்கள். இடைவெளி மூன்று அங்குலம் விட்டு நாடாவில் தைத்தால் இருபத்தேழு அடி நீளத் தோரணம். நாடாவை இரண்டாக மடித்து, துணியின் அடிப்பகுதியை அதற்குள் வைத்து, ஒரே ஓட்டத்தில் தைத்துக்கொண்டு போகலாம்.

ஓரம் மடித்துத் தைப்பதை இங்கு எவரும் தவிர்ப்பதில்லை. காரணம் காற்று. மடுவின் இரு திருவிழாக்களும் சோளகக் காற்று வீசும் மாதங்களிலேயே வருகின்றன. அந்தக் காற்றின் பலத்தை நம்பித்தான் 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் மின்நிலையம் திறக்கப்பட்டது. கோதுமை மாப் பசையில் ஒட்டிய வர்ணக் கடதாசிக் கொடி அந்தக் காற்றில் ஒரு நாள் தாங்கினால் பெரிது. எனவேதான் கரையோர வீடுகளில் துணி. கட்டுவதற்கு மீனவரிடம் வலைக்கயிறு இருக்கவே இருந்தது. திருவிழாவுக்கு வள்ளங்களும் அதே தோரணத்தை அணிந்துகொண்டன.

சின்னம் இல்லாத கொடி என்றேன். ஆயினும் அதற்கு நிறம் உண்டு. எங்கள் நாட்டில் நிறமும் அரசியலாயிற்று. 1948இல் தேசியக் கொடி பற்றி ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சிங்கக் கொடியுடன் சிறுபான்மையினருக்கென இரு வர்ணப் பட்டிகளைச் சேர்க்கும் பரிந்துரையை அதன் உறுப்பினர் செனட்டர் நடேசன் ஏற்கவில்லை. 1951இல் அந்தக் கொடியே நாட்டின் கொடியாயிற்று. பிற்காலத்தில், 1989 முதல் நவம்பர் 27இல் அனுட்டிக்கப்பட்ட மாவீரர் நாளுக்குச் சிவப்பு, மஞ்சள் தோரணங்கள் வடக்கு, கிழக்கு வீதிகளில் கட்டப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின், அந்த இரு நிறங்களும் ஒரே கயிற்றில் சேர்ந்து தொங்குவதே விசாரணைக்கு இடமளித்தது. பெட்டியில் பழைய துணி வைத்திருந்தவர்கள் அதைப் பிரித்தெடுத்து, அடுப்புத் துணியாக்கிய கதைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒரே தையல் இயந்திரம், ஒரே கைகள். நிறம் மட்டும் வேறு.

போர் இந்தத் தையலையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் மன்னாரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலும் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழரின் இழப்பைப் பேசுகின்ற நாம் அவர்களது இழப்பையும் அதே மூச்சில் பேச வேண்டும். இடம்பெயர்ந்தோர் தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துச் சென்றதாகவும், மிதிப்பலகையும் சட்டமும் வீட்டிலேயே கிடந்து துருப்பிடித்ததாகவும் ஆச்சி சொன்னார்.

அடைக்கலம் தேடிய மக்களால் நிறைந்திருந்த மடு ஆலயத்தில் 1999 நவம்பர் 20 இரவு விழுந்த எறிகணைகள் ஏறத்தாழ நாற்பது உயிர்களைப் பறித்தன. 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, அன்னையின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். இலட்சக்கணக்கானோர் திரண்டனர். வத்திக்கானின் மஞ்சளும் வெள்ளையும் எங்கும் பறந்தன. சில ஆண்டுகளுக்கு முன்னர் அச்சத்தோடு பார்க்கப்பட்ட மஞ்சள் துணி, பக்கத்து நிறம் மாறியதும் வரவேற்புக்குரியதாயிற்று. ஆச்சியின் பெட்டியில் இருந்த மஞ்சள் கொடிகள் அந்த நாளுக்காகத் தைத்தவை.

இடையில் பொலித்தீன் தோரணங்கள் வந்தன. விலை மலிவு, வேலையில்லை. திருவிழா முடிந்ததும் அறுந்து கடலில் சேர்ந்தன, அல்லது எரிக்கப்பட்டன. 2017 செப்டம்பர் 1 முதல் சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில் அலங்காரத்துக்குப் பொலித்தீன் பயன்படுத்துவதை இலங்கை அரசு தடைசெய்தது. சட்டம் ஒருபுறமிருக்க, துணித் தோரணத்துக்கு வேறொரு நியாயமும் உண்டு. பொலித்தீன் தோரணம் ஒரு விழாவோடு முடிந்துவிடும். துணித் தோரணத்தைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, மடித்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டும் ஒரு கொண்டாட்டம் வரும் என்று நம்புகிறவர்கள்தாம் அதை மடித்து வைப்பார்கள்.

புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் வாசகர்கள் தங்கள் தாயாரின் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஒரு சுருள் நாடா இருக்கக்கூடும். எந்தத் துணி எந்தச் சட்டையிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

நானும் என் பழைய வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். வீதிகள் அலங்கரிக்கப்பட்டிருக்கவில்லை. மன்னார்க் கரையின் பெண்கள் இரவில் விளக்கொளியில் இருந்து தைத்து, அவற்றை அலங்கரித்தார்கள்.