டோப் அறைப் பெண்களும் இரண்டு பதிவேடுகளும்

முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தாலும் துணியாலும் ஆனவை. லினன் துணியை இறக்கையின் அளவுக்கு வெட்டி, உறைபோலத் தைத்து மாட்டி, உள்ளிருக்கும் மர விலாக்களோடு மெழுகு பூசிய நூலால் பிணைத்தார்கள். பிரிட்டனின் விமானத் தொழிற்சாலைகளுக்குள் பெண்கள் நுழைந்த முதல் வாசல்களில் ஒன்று இந்தத் தையல் வேலை. இரண்டாவது வாசல் பூச்சு வேலை.

வெறும் துணி காற்றில் தளரும், மழையில் ஊறும். அதனால் அதன்மேல் ‘டோப்’ என்ற பசை போன்ற பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசுவார்கள். காய்ந்ததும் துணி பறைத்தோல்போல இறுகிவிடும். குண்டு துளைத்த இறக்கையைப் பழுதுபார்க்கவும் இதே லினனும் இதே டோப்பும்தான். ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டை எடுத்து, விளிம்பு நூலைப் பிரித்துவிட்டு, டோப் தடவி ஒட்டினால் விமானம் மறுபடி பறக்கும்.

ஒட்டுத்துணி வானத்தில் பிய்ந்தால் விமானியின் உயிர் போகும். ஆகவே பொருள்களின்மேல் அரசுக்கு மிகுந்த கவனம் இருந்தது. 1913-இன் இறுதியில் பிரிட்டனில் உருவான வானூர்திச் சோதனைத் துறை துணி, மரம், கம்பி என ஒவ்வொன்றையும் சோதித்தது. தேறியவற்றுக்கு முத்திரை இட்டது. போர் வளர வளர, சோதனை மேசைகளிலும் பெண்கள் அமர்ந்தார்கள். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார், தேறியதா என்று எழுதிவைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இப்படித்தான் வேர்விட்டது.

துணிக்கு இவ்வளவு எழுத்து இருந்தது. அதைப் பூசிய கைகளுக்கு என்ன இருந்தது?

டோப் என்பது செல்லுலோஸ் அசிட்டேட்டைக் கரைப்பானில் கரைத்துச் செய்வது. அன்று பயன்பட்ட கரைப்பான்களில் ஒன்று டெட்ராகுளோரோஈத்தேன். அதன் ஆவி கல்லீரலைத் தாக்கும். குளிர்காற்றோ ஈரமோ பட்டால் பூச்சு வெளுத்துப் பாழாகும் என்பதால் டோப் அறையைக் கதகதப்பாக, காற்றோட்டம் குறைத்து வைத்தார்கள். துணிக்கு நல்லதாக இருந்த அறை மூச்சுக்கு நஞ்சாக இருந்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மேலே மின்விசிறி வைத்து இழுத்தால் அது வேலை செய்பவரின் முகத்தைக் கடந்துதான் வெளியேறும். உறிஞ்சும் விசிறி தரை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் பாடமாயிற்று.

முதலில் சோர்வு, தூக்கக் கலக்கம், பசியின்மை, வாந்தி. பிறகு மஞ்சள் காமாலை. சிலருக்கு மயக்கம், மரணம். 1914-இன் இறுதியில் லண்டனை அடுத்த ஹெண்டனில் டோப் பூசியவர்களிடையே இந்த நோய் தெரியவந்தது. ஜெர்மனியின் விமானத் தொழிற்சாலைகளிலும் இதே நஞ்சு ஆட்களைத் தாக்கியிருந்தது. ஹெண்டன் நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் வில்காக்ஸ் 1915-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஆவியைச் சுவாசிக்க வைத்த விலங்குகளின் ஈரலும் கெட்டதைச் சோதனைகள் காட்டின. அதன்பின் காரணத்தில் ஐயம் இல்லை.

ஆனால் ஆய்விதழ் வேறு, தொழிலாளிகளின் குரல் வேறு. டோப் பூசிய பெண்கள் மயங்கிச் சரிவதையும், காற்றுக்காகப் பட்டறைக்கு வெளியே தரையில் படுத்துக் கிடப்பதையும் அவர்களுடைய முறையீடுகளிலிருந்து தெரிந்து பதிவு செய்தவர் சில்வியா பாங்கர்ஸ்ட். வாக்குரிமைப் போராளியான அவர் கிழக்கு லண்டனில் ஏழைப் பெண்களிடையே வேலை செய்தவர். போர்க்காலத்தைப் பற்றி 1932-இல் வெளியான ‘தி ஹோம் ஃப்ரண்ட்’ நூலில் இதை எழுதியிருக்கிறார். மருத்துவர் கண்டது ஈரல் கெட்டதை. இந்தப் பெண்கள் சொன்னது, குறைந்த கூலிக்காக மறுநாளும் அதே அறைக்குள் போக வேண்டியிருந்ததை.

டோப் அறையில் ஆண்களும் இருந்தார்கள், அவர்களும் நோயுற்றார்கள். அப்படியானால் இதைப் பெண்களின் வரலாறு என்று ஏன் சொல்ல வேண்டும்? போருக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட தற்காலிக ஆட்களாகவே அந்தப் பெண்களை எல்லோரும் பார்த்தார்கள். பொறியியல் தொழிலின் முதன்மையான கைவினைஞர் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1943-இல்தான். ஆகவே, தலைசுற்றுகிறது என்று ஒருத்தி சொன்னால் அதை எழுதிக்கொண்டு பேசவேண்டிய அமைப்பின் கதவே அவளுக்கு மூடியிருந்தது. சொல்லப்பட்டும் எழுதப்படாத நோய் ‘பெண்களின் பலவீனம்’ என்று எளிதில் பெயர் மாறிவிடும்.

1916 ஜனவரி 1 முதல் நச்சுக் காமாலை பிரிட்டனில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய் ஆயிற்று. நோயாளியைக் கண்ட மருத்துவர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தகவல் தர வேண்டும். தனித்தனிப் பட்டறைகளில் சிதறிக் கிடந்த துன்பம் ஓர் இடத்தில் எண்ணிக்கையாகச் சேர்ந்தது. 1916 முடிவதற்குள் டெட்ராகுளோரோஈத்தேன் விமான டோப்பிலிருந்து விலக்கப்பட்டது. வேறு கரைப்பான்கள் வந்தன. விமானங்கள் தொடர்ந்து பறந்தன. நஞ்சு இல்லாமல் போரை நடத்த முடியாது என்பது உண்மையல்ல என்று தெரிந்தது. நஞ்சை மாற்றும் அவசரம், சாவுகள் கணக்கில் ஏறிய பிறகே வந்தது.

இன்று விமானப் பராமரிப்புக் கூடத்தில் ஒரு டப்பா பசைக்குக்கூட இரண்டு வகைத் தாள்கள் உண்டு. தொகுதி எண், காலாவதி நாள், தரச் சான்று ஆகியவை விமானத்துக்கான தாள். இவை இல்லாத பொருளை இறக்கையில் தொடவே கூடாது. மற்றொன்று பாதுகாப்புத் தகவல் தாள். எதைச் சுவாசிக்கக் கூடாது, தோலில் பட்டால் என்ன செய்வது, எந்த உறுப்பைத் தாக்கும் என்று அது சொல்லும். முதல் தாள் பயணியின் உயிருக்கு. இரண்டாவது தாள் பழுதுபார்ப்பவரின் உயிருக்கு. இரண்டாவது தாளுக்குப் பின்னால் டோப் அறைகளைப் போன்ற பல அறைகளின் வரலாறு இருக்கிறது.

தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் படிக்கும் மாணவிகள் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இங்கே பொருளுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, உடலுக்குப் பதிவேடு எங்கே? அது கிடைக்காத இடத்தில் நோய் இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது. முறையீட்டுக் கடிதங்களில், சிற்றிதழ்களில், மருத்துவமனைக் குறிப்புகளில் தேட வேண்டும். டோப் அறைப் பெண்கள் தங்களுக்கு என்ன நேர்கிறது என்று அறிந்திருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். எழுதிக்கொள்ளத்தான் ஆள் தாமதமாக வந்தது.