தாமதமாகத் தெரிவிக்கப்படும் பணியிடக் காயம்

வேலையில் அடிபட்டவரோ வேலையால் நோயுற்றவரோ அதை அன்றே சொல்லாமல் நாள், மாதம், சில வேளை ஆண்டு கழித்து முதலாளியிடம் சொல்வதைத் தாமதமாகத் தெரிவிக்கப்படும் பணியிடக் காயம் என்கிறோம். பெரிய ஆலைகளைவிடச் சிறு பட்டறைகளில்தான் இது சிக்கலாகிறது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் ஐம்பொன் வார்ப்புப் பட்டறைகளைக் கொண்டு இதை விளக்கலாம்.

அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பார்கள். பிறகு சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் உலோகம் சீறித் தெறிக்கும். அதில் கால் வெந்தால் பட்டறையே ஓடிவரும், மறைக்க வழியில்லை. மறைவது உளிவேலையில் படும் காயம். சிற்பி நாள்கணக்கில் குனிந்து செதுக்கும்போது உளித்தலையிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் போய்விடலாம். அன்று சிறு உறுத்தல்தான் இருக்கும். உள்ளே தங்கிய இரும்பு மெல்லத் துருவேறி, பார்வை மங்க மாதங்கள் ஆகலாம். செம்புத் துணுக்கும் கண்ணைக் கெடுக்கும். பித்தளையை உருக்கும்போது எழும் துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சல் சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போன பின்பே தொடங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். ஈயம் உடலில் சேர்வது இன்னும் மெதுவாக. ஆகவே தாமதம் என்றாலே பொய் என்று எடுத்துக்கொள்வதற்கு மருத்துவத்தில் இடமில்லை.

தாமதத்துக்கு உடல் மட்டும் காரணமல்ல. முதலாளி ஸ்தபதியே மாமாவாகவோ குருவாகவோ இருக்கும் இடத்தில், ‘கையில் பட்டுவிட்டது’ என்று எழுதிக் கொடுப்பது குற்றம் சாட்டுவது போலத் தோன்றும். துண்டுக் கூலிக்காரருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் வருமானம் போச்சு. கும்பாபிஷேகத் தேதிக்குள் சிலையை முடித்துத் தர வேண்டிய நெருக்கடியும் உண்டு. இதையெல்லாம் அறிந்தவர், தாமதித்த தொழிலாளியை முதல் கேள்வியிலேயே சந்தேகிக்க மாட்டார்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதை நியாயமாகவே அணுகியது. விபத்தை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும் என்று அதன் 10ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அறிவிப்பு வராவிட்டாலும் முதலாளி வேறு வழியில் விபத்தை அறிந்திருந்தால் கோரிக்கை தள்ளுபடியாகாது. போதிய காரணம் இருந்தால் காலம் கடந்த மனுவையும் ஆணையர் ஏற்கலாம். ஈய நச்சு போன்ற தொழில்நோயில், நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போன முதல் நாளே விபத்து நாளாகக் கொள்ளப்படும். மின்சாரம் கொண்டு உற்பத்தி நடக்கும் இடமாக இருந்தால், பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்கும் இச்சட்டம் பொருந்தியது. தொழிலாளர் ஈட்டுறுதிக் காப்பீட்டில் உள்ளவர் இழப்பீட்டை அந்தக் காப்பீட்டுக் கழகத்திடமே பெற வேண்டும்.

கைத்தொழிலாளருக்கு மிக முக்கியமான தீர்ப்பு 1975இல் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. ஒடிசாவில் இடக் கையை இழந்த தச்சர் ஒருவரை, ஒரு கை மிஞ்சியிருக்கிறது என்று பகுதி ஊனமாகக் கணக்கிட முடியாது, தச்சு வேலைக்கு அவர் முழுமையாகத் தகுதி இழந்தவர் என்று நீதிமன்றம் கூறியது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலிருந்தே கடனாகிறது என்றும் சொன்னது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் பாதி வரை தண்டமும் சேர்ந்தன. எனவே தாமதமாக வந்த புகாரை இழுத்தடிப்பதால் முதலாளிக்குத்தான் நட்டம்.

புகார் வந்ததும் முதலில் சிகிச்சை, விசாரணை பிறகு. என்ன உலோகம், என்ன வேலை என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண்ணில் துணுக்கைத் தேடத் தோன்றாமல் போகலாம். காயம் பட்ட நாளையும் சொன்ன நாளையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பதிவதே பின்னால் வழக்கைக் கெடுக்கும். கூலிக் கணக்கு, மருந்துக்கடைச் சீட்டு, பக்கத்தில் இருந்தவர் சொல் ஆகியவை காயம் பட்ட நாளை உறுதிசெய்ய உதவும். தொழிலாளி அறிவிப்புக் கொடுத்த மூன்று நாளுக்குள் முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனை செய்விக்க முன்வரலாம். அதற்குத் தொழிலாளி உடன்பட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் இழப்பீடு என்பதால் சிறு காயங்களை யாரும் எழுதுவதில்லை. கண்ணில் பட்ட துணுக்கும் அன்று சிறு காயம்தான்.

2025 நவம்பர் 21 முதல், 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இழப்பீட்டுக்குரியது அதன் ஏழாம் அத்தியாயம். சட்டம் மாறினாலும், பட்டறை நடத்துவோர் ஒரு விபத்துக் குறிப்பேட்டை வாங்கி, யார் வேண்டுமானாலும் எழுதும்படி எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இன்றே வைக்க வேண்டும்.