ஆர்க்கெஸ்ட்ராவும் அர்த்த மண்டபமும்

1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஒலிநாடா வந்தது. படக்கதை இல்லை, பாட்டு வரி இல்லை, வாத்தியங்கள்தான் பேசின. தியாகராசருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையான அத்தொகுப்பில் ஒரு இசைத்துண்டின் பெயர் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார். யார் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிற ஊர்கள் நம்முடையவை. பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு பாக் வந்த சேதியை அந்தக் காதோடுதான் நாம் கேட்க வேண்டும்.

எப்படி வந்தார்? சபா இசைக்குக் குலம், குரு பரம்பரை என்று ஏகப்பட்ட வாசல்கள். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்தவருக்கு, சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசைக்குறிப்பைக் கற்றுத் தந்தார். வயலினுக்கு இது, செல்லோவுக்கு இது என்று எழுதிவிட்டால் போதும். எழுதுனவன் என்ன ஆளுன்னு தாள் கேக்காது. 2005இல் ‘திருவாசகம்’ தொகுப்பை புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது.

அதற்குச் சுமார் மூன்று மாதம் முந்தி, 2024 டிசம்பர் 15 அன்று, விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குத் தன் ‘திவ்ய பாசுரம்’ நிகழ்ச்சிக்காக வந்தவர் அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். ஜீயர், அர்ச்சகர் தவிர யாருக்கும் அனுமதியில்லை, அதுவே மரபு என்றது அறநிலையத் துறை. பரவுவது வதந்தி, சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுப்பவனில்லை என்றார் அவர்.

இருக்கட்டும். ‘யாருக்கும் இல்லை’ என்பது சமத்துவம் போலத்தான் தோன்றும். ஆனால் அர்ச்சகர் எங்கிருந்து வருகிறார்? எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என 2006இல் அரசாணை வந்த பிறகும் பல கருவறைகளுக்குப் பிறப்புதான் சாவி. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் படித்தால் போதும். கருவறைக்குப் படித்தும் போதவில்லை.

இந்த வட்டாரத்துக்கு இது புதுச் சங்கதியல்ல. நாடார்களின் கோயில் நுழைவுத் தகராறில் 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. கமுதி கோயில் வழக்கில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் விருதுநகர் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது.

இளையராஜா தன்னைச் சாதியால் அடையாளப்படுத்துவதை ஏற்பவரல்ல. ‘நம்மாளு’ என்று கொண்டாடுவதோடு நம் வேலையும் முடிந்துவிடாது. ஒருவரின் மேதைமை பாக்கையே வீட்டுக்கு வரவழைத்தது. மண்டபத்துப் படியை அது அசைக்கவில்லை. அதை அசைக்கச் சனங்கள் கூட வேண்டும்.