பண்டிகைக்கு வீட்டை அலங்கரித்தல்: கடனும் வேண்டாம், குப்பையும் வேண்டாம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அண்டிய கடற்கரைக் கிராமம் சல்லி. முத்துமாரியம்மன் கோவிலால் பெயர்பெற்ற ஊர். இந்தக் கரையோரக் குடும்பங்களுக்குத் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி எது வந்தாலும் ஒரே யோசனைதான். வீடு சிறியது, காசு எண்ணி வைத்தது. இதற்குள் வீட்டை எப்படி மங்கலமாக வைப்பது? போரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட வீடுகளில் இன்னொரு கேள்வியும் உண்டு. ஒருவர் இல்லாத வீட்டில் அலங்காரம் எதற்கு?

இரண்டு கேள்விகளுக்கும் நமது பழைய வழக்கத்திலேயே பதில் இருக்கிறது. மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் திருகோணமலை வீதிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாசலில் நிறைகுடம், இருபுறமும் குத்துவிளக்கு, மேலே தோரணம். சுவாமி கடந்து போனபின் விளக்கு வீட்டுக்குள் போகும், தேங்காய் கறிக்குப் போகும், மாவிலையும் ஓலையும் மண்ணுக்குப் போகும். அடுத்த வருடம் வரை கட்டி வைக்க எதுவும் மிஞ்சாது. இதையே அளவாக வைத்துக்கொண்டால் வீடும் நிறையாது, மனமும் களைக்காது.

துப்புரவு: எறிவதற்கு முன் பிரியுங்கள்

பண்டிகைக்கு முந்திய வாரம் ஒட்டறை அடித்து வீட்டைக் கழுவுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் "பாவிக்காததை எறிந்துவிடு" என்ற பொதுவான அறிவுரை எங்கள் வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு பையோடு பலமுறை இடம்பெயர்ந்தவர்கள் வெறும் தகரப் பேணியைக்கூடப் பத்திரப்படுத்துவார்கள். அதற்குக் காரணம் உண்டு.

பொருட்களை மூன்றாகப் பிரியுங்கள். பாவிப்பவை, நினைவுக்கானவை, போகவேண்டியவை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், பழைய படங்கள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் இட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மற்றவரின் பொருளை அவரைக் கேட்காமல் எறிய வேண்டாம். காணாமற்போன பிள்ளையின் சேட்டு அம்மாவின் பெட்டியில் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.

ஒரே இடம் போதும்

வீடு முழுவதையும் அலங்கரிக்க முனைவதுதான் செலவையும் களைப்பையும் கூட்டுகிறது. வாசல் அல்லது விறாந்தை, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அங்கே தலைவாழை இலை விரித்து, நெல் அல்லது பச்சையரிசி பரப்பி, அதன்மேல் நீர் நிறைந்த குடத்தை வையுங்கள். குடத்தின் வாயில் மாவிலை, நடுவே குடுமி மேல்நோக்கிய தேங்காய். இருபுறமும் குத்துவிளக்கு. முன்னால் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், அதில் ஒரு அறுகம்புல். குத்துவிளக்கு இல்லையென்றால் இரண்டு மண் சிட்டி போதும். பித்தளைக் குடத்துக்குப் பதில் வீட்டில் இருக்கும் சுத்தமான செம்பையும் வைக்கலாம்.

பொங்கலுக்கு முற்றத்து அடுப்படியே அலங்காரம். சாணத்தால் மெழுகி, அரிசிமாவால் கோலம் போட்டு, பக்கத்தில் ஒரு கரும்பும் மஞ்சள் இஞ்சிக் கொத்தும் வைத்தால் நிறைவு. மணல் முற்றமென்றால் தண்ணீர் தெளித்து இறுக்கிய பிறகு கோலம் போடுங்கள். வெயில் ஏறிக் கடற்காற்று எழுமுன் போட்டால் கலையாது. நவராத்திரிக்கு ஒரு கும்பமும் முளைப்பாலிகையும் போதும், கொலுப் பொம்மை கட்டாயமில்லை. நத்தார் கொண்டாடும் வீடுகளில் வைக்கோலும் ஓலையும் கொண்டே பாலன் குடில் கட்டலாம்.

ஓலையா, பொலித்தீனா?

கடையில் வாங்கும் மினுக்கு மாலை ஒரு பண்டிகை தாங்கும், பிறகு மழையோடு கடலுக்குப் போகும். கடலை நம்பி வாழும் ஊருக்கு அது நல்லதல்ல. சட்டமும் அதை ஏற்கவில்லை. சமய, கலாசார, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் செய்வதும், பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் இலங்கையில் 2017 செப்டெம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

தென்னங்குருத்து ஒன்று வாசலுக்குப் போதும். ஆனால் மடிப்பில் கவனம் தேவை. தோரணக் குருவி மேல்நோக்கினால் மங்கலம், கீழ்நோக்கினால் அமங்கலம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் பிள்ளைகளைக் கொண்டு மடிப்பியுங்கள். அந்த அரை மணித்தியாலமே பண்டிகையின் பாதி. அம்மன் கோவில் திருவிழாக் காலத்தில் வேப்பிலைத் தோரணமும் பொருத்தமானது.

விளக்கும் சத்தமும்

மின்குமிழ் மாலை கட்டினால் வீட்டுக்குள் மட்டும் கட்டுங்கள். உப்புக் காற்றில் வெளி இணைப்புகள் விரைவில் துருப்பிடிக்கும். படுக்கப்போகும்போது அணைத்துவிடுங்கள். வீட்டு மின்பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் கூடிய கட்டண வகைக்குள் போய்விடும்.

வெடி கொளுத்துமுன் பக்கத்து வீட்டை நினையுங்கள். ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவருக்கு எதிர்பாராத வெடி விளையாட்டல்ல. முன்கூட்டிச் சொல்லுங்கள், இருட்டியபின் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாதவருக்கு ஓர் இடம்

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் இலங்கையில் காணாமற்போனோராகப் பதிவானவர்கள் 16,000 பேருக்கும் மேல். இந்தக் குடும்பங்களுக்குப் பண்டிகை நாளில் மிகக் கடினமான பொருள் சுவரில் தொங்கும் படம். மாலை போட்டால் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். கழற்றி வைத்தால் மறந்ததாகும். முடிவு தெரியாத இந்த நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ். சடங்குகளை முற்றாகக் கைவிடாமல், இப்போதைய நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது அவரது கருத்து.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். படத்தைத் துடைத்து, மாலை இல்லாமல், வீட்டார் கூடும் அறையிலேயே வையுங்கள். அவருக்குப் பிடித்த பலகாரத்தில் ஒன்றைச் செய்யுங்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவரது தாயோ மனைவியோ தீர்மானிக்கட்டும். உறவினர் யாரும் மாலையோடு வந்து நிற்க வேண்டாம். இறந்தவருக்கு ஆண்டுத் திவசம் முடியாத வீட்டில் அலங்காரமே வேண்டாமென்றால், அதற்கும் யாரும் குறை சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்குப் பொங்கலும் பலகாரமும் கொண்டுபோய்க் கொடுப்பது அயலாரின் கடமை.

மறுநாள் காலை

தோரணத்தை அவிழ்த்து வாழையடியில் போடுங்கள். குடத்து நீரைத் துளசிக்கோ முருங்கைக்கோ ஊற்றுங்கள். அரிசியையும் தேங்காயையும் அன்றைய சமையலில் சேருங்கள். விளக்கைப் புளி போட்டு மினுக்கித் துணியில் சுற்றி வையுங்கள். கோலத்தைக் கூட்ட வேண்டாம். எறும்பும் குருவியும் பார்த்துக்கொள்ளும்.