அம்பைக்கு வந்த ஐந்தாம் சட்டம்

பிசான நடவு நேரத்தில், அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் சேறும் நாற்றும்தான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டும் கால்வாயுமாகத் தாமிரபரணியை வயலுக்குத் திருப்பி, கார், பிசானம் என்று இரண்டு போகம் கண்ட பூமி. இந்த வளத்தை எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லாதவர்கள் இல்லை. அந்தச் சேற்றில் இறங்கி நின்ற ஆளும் ஒரு காலத்தில் வயலோடு சேர்ந்த சொத்தாக இருந்தார் என்பதை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் கிடைத்த அடிமை ஓலைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவை நிலக் கிரயப் பத்திரம் போலவே இருக்கும். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் உண்டு. வயலுக்கு நான்கு எல்லை சொல்லும் இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்கும். திருநெல்வேலிச் சீமையிலும் அரசு ஆவணங்கள் பள்ளர், பறையர் என்று எழுதிவைத்த மக்கள் விற்கப்பட்டார்கள், ஒற்றி வைக்கப்பட்டார்கள். நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு இது தெரியாத விஷயமில்லை. 1819இல் சென்னை ரெவின்யூ போர்டு கலெக்டர்களிடம் அடிமைமுறை பற்றி அறிக்கை கேட்டு வாங்கியது. மலபாரில் வரிபாக்கிக்காக அடிமைகளை ஏலம் விட்டதை நிறுத்தினார்கள். அதற்கு மேல் போகக் கை வரவில்லை. காரணம் கிஸ்தி. நஞ்சையில்தான் வரி அதிகம். ஆள் எழுந்து போய்விட்டால் நடவு நிற்கும், நடவு நின்றால் கஜானா காயும்.

பிறகு வந்தது 1833. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி ஒரே நாளில் லண்டனில் இரண்டு சட்டங்களுக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்தது. ஒன்று, பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த சட்டம். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர்கள் உள்ளிட்ட எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு தரவும் அது வழி செய்தது. கம்பெனியின் நிலப்பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் அதே சட்டம் விலக்கி வைத்தது. மற்றொன்று, கம்பெனியின் சாசனச் சட்டம். 1837 ஏப்ரலுக்குள் இந்தியாவிலும் அடிமைமுறை ஒழிய வேண்டும் என்று அதன் முதல் வரைவில் கெடு இருந்தது. பிரபுக்கள் சபையில் வெல்லிங்டன், எலன்பரோ போன்றவர்கள் எதிர்த்தார்கள். கெடு போயிற்று. எப்போது சாத்தியமோ, எப்போது ஆபத்தில்லையோ அப்போது ஒழிக்கலாம் என்ற வாசகம் வந்து உட்கார்ந்தது. அம்பையில் வயலில் நின்றவரின் விடுதலை அந்த ஒரு திருத்தத்தில் தள்ளிப்போனது.

அமெரிக்காவில் இதே வித்தை முன்பே நடந்திருந்தது. 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதியபோது, தென் மாநிலங்களைக் கூட்டணியில் வைத்துக்கொள்ள, மக்கள்தொகைக் கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணச் சம்மதித்தார்கள். அடிமைகளைக் கப்பலில் கொண்டுவருவதை 1808 வரை தடுப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடிமை என்ற சொல்லை எங்குமே எழுதவில்லை. அந்தச் சமரசத்தின் கணக்கை அவர்கள் 1861இல் தொடங்கிய போரில் ரத்தத்தால் தீர்த்தார்கள்.

இங்கே சட்டக் கமிஷன் 1841இல் அறிக்கை கொடுத்தது. அதன் உறுப்பினர்களே ஒத்துப்போகவில்லை. இடையில் 1840இல் வில்லியம் ஆடம் இந்திய அடிமைமுறை பற்றி எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு லண்டனின் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் நெருக்கினார்கள். கடைசியில் 1843 ஏப்ரல் 7ஆம் தேதி அந்த ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிறந்தது. அப்போது கவர்னர் ஜெனரல், பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசிய அதே எலன்பரோ.

மொத்தம் நான்கே பிரிவுகள். கோர்ட் தீர்ப்புக்காகவோ வரிபாக்கிக்காகவோ எந்த அதிகாரியும் மனிதரை அடிமை என்று சொல்லி விற்கக் கூடாது. இவர் என் அடிமை என்று யார் வழக்குப் போட்டாலும் கோர்ட் ஏற்காது. அடிமையாக இருந்தவர் சம்பாதித்த பொருளை அந்தக் காரணம் காட்டிப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே.

மூன்றாவது பிரிவைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். தான் வளர்த்த ஆடும், தான் சேர்த்த நெல்லும் தனக்கே சொந்தம் என்று ஒரு மனிதருக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

ஆனால் இன்று முதல் நீங்கள் விடுதலை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவும் இல்லை. எஜமானுக்குக் கோர்ட் துணை வராது, அவ்வளவே. அதனால் நஷ்டஈடு கொடுக்கவும் தேவைப்படவில்லை. எழுதப் படிக்க விடப்படாத பண்ணையாளிடம் இதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தெளிவான குற்றமானது 1862 ஜனவரியில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். பக்கத்துச் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் மண். அங்கே 1855 வரை அடிமைமுறை சட்டப்படியே செல்லும். தென்காசியைத் தாண்டி ஒரு நடை நடந்தால் மனிதரின் விலை மாறியது.

ஓலை செல்லாமல் போன இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு, சாவுக்கு வாங்கிய நெல்லுக்கும் பணத்துக்கும் ஆளும் பிள்ளையும் பண்ணையிலேயே கிடந்தார்கள். கடனுக்கு உழைப்பைப் பிணையாக்குவதைத் தடுக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

ஐந்தாம் சட்டத்தால் ஒன்று மட்டும் உண்மையிலேயே மாறியது. எழுந்து போனவரை அடிமை என்று சொல்லி இழுத்துவரக் கோர்ட்டும் கச்சேரியும் இனி உதவாது. அந்த ஆண்டுகளில் இலங்கை மலையில் காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் நடந்தார்கள், தூத்துக்குடியில் தோணி ஏறினார்கள். போன இடத்தில் வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் பேரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக, அந்தக் கடனைக் குறித்த சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். அது ஒழிந்தது 1921இல்.