இடறி வீழ்ந்தோரும் திருச்சபையும்

பாவம் என்றதும் கொலை, களவு, காமம் ஆகியவற்றையே மனித மனம் முதலில் எண்ணுகிறது. கிறித்தவத் திருச்சபை தன் இளமைக் காலத்தில் எதிர்கொண்ட மாபெரும் சிக்கலோ இவற்றில் எதனாலும் எழுந்ததன்று. ஒரு சிட்டிகைச் சாம்பிராணியாலும் ஒரு துண்டுச் சீட்டாலும் எழுந்தது அது.

கி.பி. 249-இல் உரோமைப் பேரரசின் அரியணை ஏறினான் டீசியஸ். அதற்கு முந்திய ஆண்டில்தான் உரோமை நகர் தன் ஆயிரமாவது ஆண்டு விழாவைக் கொண்டாடி முடித்திருந்தது. ஆனால் விழாக் கோலம் கலைந்ததும் கண்முன் நின்றவை எல்லைப் போர்களும் உட்பகையுமே. பழந்தெய்வங்களின் அருள் குன்றியதே இதற்கெல்லாம் காரணம் என்று அவன் கருதினான் போலும். குடிமக்கள் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும். பலியிட்டமைக்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணை பிறந்தது.

அச்சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை எகிப்து நாட்டு மணல் இன்றளவும் காத்துத் தந்திருக்கிறது. 250-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரசுத் தாள்கள் அவை. வாசகம் ஏறத்தாழ ஒன்றே. தாம் எக்காலத்தும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்பொழுதும் அதிகாரிகளின் கண்முன்னே பானம் வார்த்து, பலியிட்டு, பலிப்பொருளைச் சுவைத்ததாகவும் விண்ணப்பதாரர் கூறுகிறார். முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தி பெற்ற சான்றிதழும் அவற்றுள் ஒன்று. தெய்வத் தொண்டே தொழிலாக உடையவளும் தன் பக்திக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்ததெனில், அவ்வரசின் ஐயப்பாட்டை என்னென்பது!

இந்த ஆணை கிறித்தவர்களை எவ்வாறு உலுக்கியது என்பதை அறிய, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குச் செல்ல வேண்டும். அந்நகரின் ஆயர் சிப்ரியன். நாவன்மை கற்பித்த ஆசிரியராய் இருந்து நடுவயதில் கிறித்தவரானவர். திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளுக்குள் ஆயரானதால் மூத்த குருமார் சிலரின் மனத்தாங்கலுக்கும் ஆளானவர். அவர் எழுதி வைத்த செய்திகள் நெஞ்சை வருத்துவன. அழைப்பு வருமுன்னரே மக்கள் நகர மன்றத்துக்குத் திரண்டோடினர். பொழுது சாய்ந்ததால் நாளை வருமாறு அதிகாரிகள் சொல்லியும், இன்றே ஏற்றுக்கொள்ளுமாறு மன்றாடினர். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றனர். சோதனை என்பது ஆசையின் வடிவில் வருவது என்பர். இங்கோ அது அச்சத்தின் வடிவில் வந்தது. வீடு போகும், நிலம் போகும், சிறை வரும் என்ற அச்சம் அது.

வேறு சிலர் பலியிடவில்லை. கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றுக் கொண்டனர். கை தீட்டுப்படவில்லை, ஆகவே பாவமும் இல்லை என்று இவர்கள் தம்மைத் தேற்றிக் கொண்டனர். மனச்சான்று எத்தனை திறமையான வழக்கறிஞர்!

சிப்ரியன் நகரிலிருந்து விலகித் தலைமறைவாய் இருந்தபடி கடிதங்களால் தம் மந்தையை ஆண்டார். இது பலருக்கு உறுத்திற்று. உரோமை ஆயர் ஃபேபியன் 250 சனவரியிலேயே உயிர் நீத்திருந்தார். அங்கிருந்த குருமார், நல்ல மேய்ப்பனையும் கூலிக்காரனையும் நினைவூட்டிக் கார்த்தேஜ் குருமாருக்கு ஒரு கடிதம் வரைந்தனர். குத்தலைப் புரிந்துகொண்ட சிப்ரியன், இது மெய்யாகவே உங்கள் கடிதந்தானா எனச் சரிபார்க்கும்படி அதை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஓடி ஒளிந்தவர் என்ற பழியைச் சுமந்தவரே, வீழ்ந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை!

இதற்கிடையே சிறையில் வாடிய விசுவாச வீரர்கள், வீழ்ந்தவர்களுக்கு மன்னிப்புச் சீட்டுகளை வழங்கத் தொடங்கினர். செலெரீனஸ் என்பார் உரோமையில் சிறைத்துன்பம் தாங்கியவர். அவருடைய சகோதரியர் இருவர் வீழ்ந்துவிட்டனர். கார்த்தேஜ் சிறையிலிருந்த நண்பர் லூசியனுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. உயிர்ப்பு விழாவின் மகிழ்ச்சிக் காலத்திலும் தாம் கண்ணீருடன் இருப்பதைக் கூறி, அப்பெண்கள் கார்த்தேஜிலிருந்து அகதிகளாய் வந்த அறுபத்தைந்து பேரைப் பேணி வருவதையும் எடுத்துரைத்து, அவர்களுக்காக மன்னிப்பு வேண்டுகிறார். உயிர் நீத்த மறைச்சாட்சி ஒருவரின் பெயரால் லூசியன் அதனை வழங்கினார். ஆனால் கேட்டவர்க்கெல்லாம் வழங்கப்பட்ட சீட்டுகள் நாளடைவில் பெருகின. இன்னாரும் அவரைச் சார்ந்தோரும் என்று பொதுப்பட எழுதப்பட்ட ஒரே சீட்டைக் காட்டி இருபது, முப்பது பேர் உரிமை கோரக்கூடும் என்று சிப்ரியன் வருந்தினார். அரசின் சீட்டால் வீழ்ந்தவர் இன்னொரு சீட்டால் எழ முயன்றனர்.

251-இல் அடக்குமுறை தணிந்தபின் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினர். சீட்டு மட்டும் வாங்கியவரை அவரவர் நிலையை ஆராய்ந்து ஏற்பதென்றும், பலியிட்டவர் மனந்திருந்தித் தவத்தில் நிலைத்திருப்பின் மரணத் தறுவாயில் ஏற்பதென்றும் முடிவாயிற்று. உரோமையிலோ நொவேஷியன் என்னும் அறிஞர் இதனையும் பொறுக்கவில்லை. விசுவாசத்தை மறுதலித்தவனைக் கடவுள் மன்னிக்கலாம். திருச்சபை மன்னிக்க அதிகாரமில்லை என்பது அவர் கட்சி. முறைப்படி ஆயரான கொர்நேலியுவுக்கு எதிராகத் தாமும் ஆயராகிப் பிரிந்து நின்றார். இவருடைய கண்டிப்பில் நேர்மை இருந்தது. எனினும், நோயாளியை வெளியே நிறுத்திய மருத்துவமனையின் நேர்மை அது.

ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் அடக்குமுறை வரும் அறிகுறி தோன்றியதும், தவம் புரிந்து காத்திருந்தோர் அனைவரையும் உடனே ஏற்கும்படி ஆப்பிரிக்க ஆயர்கள் தீர்மானித்தனர். போருக்குப் போகிறவனை ஆயுதமின்றி அனுப்பலாமா என்பதே அவர்கள் வாதம். முதலில் கண்டிப்புக் காட்டிய சிப்ரியனே இம்முடிவுக்கு முன்னின்றார். அடுத்த அடக்குமுறையில் அவர் ஓடவில்லை. 257-இல் நாடு கடத்தப்பட்டு, 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் வாளுக்கு இரையானார்.

நொவேஷியனைச் சார்ந்தோர் தனிச் சபையாய் நெடுங்காலம் நீடித்தனர். 325-இல் நைசீயாவில் கூடிய பொதுச்சங்கம், கட்டாயமின்றியே மறுதலித்தவர்க்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவம் விதித்து, கதவைத் திறந்தே வைத்தது. அச்சங்கத்துக்கு வந்திருந்த நொவேஷியச் சபையின் ஆயர் அசேசியஸிடம், பிரிந்து நிற்பது ஏனெனப் பேரரசன் கான்ஸ்டன்டைன் வினவினானாம். அவர் தம் சபையின் கண்டிப்பை விளக்கக் கேட்ட மன்னன், அப்படியாயின் ஓர் ஏணியை எடுத்துக் கொண்டு நீர் ஒருவர் மட்டும் விண்ணுலகுக்கு ஏறிச் செல்லும் என்றானென்று திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் எழுதி வைத்திருக்கிறார்.